சுகுமார் சென்: 28 லட்சம் பேரைப் பட்டியலில் இருந்து எடுக்கச் சொன்ன முதல் தேர்தல் ஆணையர்

வாக்காளர் பட்டியலில் நம்ம பேர் இருக்கா, இல்லையா? இப்போ போனை எடுத்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். 1950-ல் அப்படி ஒரு பட்டியலே நாட்டில் கிடையாது. வெள்ளைக்காரர் காலத்தில் சொத்து, படிப்பு என்று ஏதாவது ஒரு தகுதி இருந்தவர்களுக்குத்தான் ஓட்டு. திடீரென்று 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு என்று அரசியல் சாசனம் சொல்லிவிட்டது. அந்த எல்லோரும் யார், எங்கே இருக்கிறார்கள் என்று எழுதி எடுக்க வேண்டிய வேலை ஒரு மனிதரின் மேஜைக்கு வந்தது.

அவர்தான் சுகுமார் சென். வங்காளி. கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் படித்து, லண்டன் பல்கலைக்கழகத்தில் கணிதத்துக்குத் தங்கப் பதக்கம் வாங்கியவர். 1921-ல் ஐ.சி.எஸ். அதிகாரியாகச் சேர்ந்தார். மாவட்டங்களில் வேலை, அப்புறம் நீதிபதி, கடைசியில் மேற்கு வங்கத் தலைமைச் செயலாளர். 1950 மார்ச்சில் இந்தியாவின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையராக அவரை டெல்லிக்கு அழைத்தார்கள்.

பிரதமர் நேருவுக்கு அவசரம். 1951 வசந்த காலத்திலேயே தேர்தலை முடித்துவிடலாம் என்று நினைத்தார். சென் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பொறுங்கள் என்றார். பிரதமரிடம் அப்படிச் சொல்வது இன்றைக்கும் சாதாரண விஷயம் இல்லை.

அவர் போட்ட கணக்கு என்ன? வாக்காளர்கள் 17 கோடிக்கும் மேல். நூறு பேரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 18 பேர்தான். மக்களவைக்கு 489 இடங்கள், அதோடு சேர்த்து மாநிலச் சட்டப்பேரவைகளுக்கும் தேர்தல். பட்டியலைத் தட்டச்சு செய்து தொகுக்க மட்டும் 16,500 குமாஸ்தாக்களை ஆறு மாத ஒப்பந்தத்தில் எடுத்தார்கள்.

இதுலதான் யாரும் எதிர்பார்க்காத சிக்கல் வந்தது. கணக்கெடுக்கப் போனவர்களிடம் வட இந்தியாவில் நிறைய பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். வெளி ஆணிடம் பெயர் சொல்லும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாயார் என்றே சொன்னார்கள். எழுத வந்தவர்களும் அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள்.

சென் அதை ஏற்கவில்லை. வாக்காளர் என்றால் அவருக்கென்று சொந்தப் பெயர் வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலில் இடம் இல்லை என்று உத்தரவு போட்டார். பெயரைக் கேட்டு வாங்க பீகாருக்கு ஒரு மாசம் கூடுதல் அவகாசம் கிடைத்தது. அங்கே ஓரளவு பலன் இருந்தது. ராஜஸ்தானில் அவகாசம் கொடுத்தும் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. கடைசியில், சுமார் 8 கோடிப் பெண் வாக்காளர்களில் ஏறக்குறைய 28 லட்சம் பேர் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டார்கள்.

இது சரியா? அந்தப் பெண்களின் குற்றம் எதுவும் இதில் இல்லை. ஊர் வழக்கத்துக்கு அவர்கள் தண்டனை அனுபவித்தார்கள் என்று சொன்னால் மறுக்க முடியாது. ஆனால் பெயரே இல்லாத வரியை வைத்துக்கொண்டு, ஓட்டுப் போட வருபவர் அவர்தானா என்று எப்படிப் பார்ப்பது? யார் வேண்டுமானாலும் வந்து போட்டுவிட்டுப் போகலாம். இந்தச் சலசலப்பே அடுத்த தேர்தலுக்குள் பெண்களைப் பெயர் சொல்ல வைக்கும் என்பது சென்னின் கணிப்பு.

படிக்கத் தெரியாதவர் எப்படி ஓட்டுப் போடுவார் என்பது அடுத்த கேள்வி. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி இரும்புப் பெட்டி, அதன் மேல் அவருடைய சின்னம். பிடித்த பெட்டிக்குள் சீட்டைப் போட்டால் போதும், முத்திரை குத்தும் வேலையே இல்லை. இதற்காக சுமார் 20 லட்சம் பெட்டிகள் செய்தார்கள். 8,200 டன் எஃகு போனது. கள்ள ஓட்டைத் தடுக்க விரலில் அழியாத மை. (நமக்குத் தெரிந்த மைசூர் மை 1962 தேர்தலில்தான் வந்தது.)

1951 அக்டோபர் 25. பனி வந்து பாதையை மூடுவதற்கு முன்பே இமாச்சலத்தின் சினி பகுதியில் முதல் ஓட்டுகள் விழுந்தன. மற்ற இடங்களில் பெரும்பாலும் 1952 ஜனவரி, பிப்ரவரியில்தான் வாக்குப்பதிவு. மக்களவைக்கு சுமார் 45 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். காங்கிரஸ் 364 இடங்களில் ஜெயித்தது. இரண்டாவது வந்த இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்கு 16 இடங்கள்தான். சட்ட அமைச்சராக இருந்த அம்பேத்கர் பம்பாயில் தோற்றார்.

இந்தத் தேர்தலை வெளிநாடுகளும் கவனித்தன. 1953-ல் சூடானின் முதல் நாடாளுமன்றத் தேர்தலை நடத்த அமைத்த சர்வதேச ஆணையத்துக்கு சென்னைத் தலைவராக்கினார்கள். சூடானை அப்போது பிரிட்டனும் எகிப்தும் சேர்ந்து ஆண்டு கொண்டிருந்தன. 1956 ஜனவரி 1-ல் அந்த நாடு சுதந்திரம் அடைந்தது. இடையில் 1954-ல் சென்னுக்கு பத்மபூஷண் விருது.

1957 தேர்தலையும் அவரே நடத்தினார். பழைய பெட்டிகளைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வைத்திருந்ததால் புதிதாகக் கொஞ்சம் செய்தாலே போதுமானதாக இருந்தது. மொத்தச் செலவு முதல் தேர்தலைவிட சுமார் நாலரை கோடி ரூபாய் குறைவு. பட்டியலில் இந்த முறை 19 கோடிக்கும் மேற்பட்ட பேர். பெட்டிகளைத் திறந்தபோது சினிமா நட்சத்திரங்களின் படம், வேட்பாளரைத் திட்டி எழுதிய துண்டுச்சீட்டு, சில்லறைக் காசு எல்லாம் கிடைத்தன. காசு அரசுக் கருவூலத்துக்குப் போனது. அதே ஆண்டு அவருடைய தம்பி அசோக் குமார் சென் ஜெயித்து வந்து சட்ட அமைச்சரானார்.

1958 டிசம்பரில் சென் பதவியை விட்டு இறங்கினார். பிறகு 1960-ல் தொடங்கிய பர்த்வான் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்தார். தன்வரலாறு எழுதி வைத்துவிட்டுப் போன ஆள் இல்லை. முதல் தேர்தலைப் பற்றி அவர் பொறுப்பில் 1955-ல் வந்த அரசு அறிக்கை இருக்கிறது. 28 லட்சம் பெண்கள் விடுபட்டதையும், அது எந்தெந்த மாநிலங்களில் நடந்தது என்பதையும் மறைக்காமல் அதில் பதிவு செய்திருக்கிறார்.