டாக்டர் சௌந்தரம் அம்மையார்

திண்டுக்கல்லினின்று தெற்கே மதுரைக்குச் செல்லும் பெருவழியில், கீழ்ப்புறம் சிறுமலை உடன் தொடர்ந்து வர, சில மைல் சென்றால் சின்னாளபட்டியும் அம்பாத்துரையும் அவற்றை அடுத்துக் காந்திகிராமமும் தென்படும். அங்குள்ள கஸ்தூரிபா மருத்துவமனையைத் தோற்றுவித்தவர் டாக்டர் டி. எஸ். சௌந்தரம் அம்மையார். அவரைத் தேசத்தொண்டர் என்றும் அமைச்சர் என்றும் போற்றுவார் பலர். நாம் இங்கே சொல்லப் புகுந்தது, வைத்தியர் என்ற முறையில் அவர் ஆற்றிய பணியைக் குறித்தேயாம்.

அம்மையார் 1904ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 18ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த திருக்குறுங்குடியிற் பிறந்தார். தந்தையார், மதுரையில் மோட்டார்த் தொழிலை நிலைநாட்டிப் பெரும்பொருள் ஈட்டிய டி. வி. சுந்தரம் ஐயங்கார். அக்கால வழக்கப்படி இளம் பிராயத்திலேயே விவாகம் நடந்தேறியது. கணவர் சௌந்தரராஜனும் ஒரு டாக்டரே. பிளேக் நோயாளருக்குச் சிகிச்சை செய்துவந்த அவரை அந்நோயே பற்றிக் கொண்டுபோயிற்று.

பிளேக் எத்தகைய நோய் என்பதை இக்கால மாணவர் பலர் அறியார். எலியின் உடலிலிருக்கும் தெள்ளுப்பூச்சி, எலி மாண்டபின் மனிதனைக் கடித்து அந்நோயைப் பரப்புகிறது. அதற்குத் தடுப்பூசியை ஹாப்கின் என்பார் 1897இல் பம்பாயில் ஆக்கியளித்தார். ஆயினும் நோய் கண்டபின் அதனை மாற்றவல்ல ஸ்டிரெப்டோமைசின் என்னும் மருந்து 1943ஆம் ஆண்டில்தான் கண்டறியப்பட்டது. ஆதலின் அதற்கு முன்னெல்லாம் எலியை ஒழித்தலும், வீட்டைத் துப்புரவாக வைத்தலும், நோய் கண்ட இடத்தை விட்டு நீங்குதலும், ஊசி போட்டுக்கொள்ளுதலுமே மக்களுக்குப் புகலிடமாயிருந்தன. கைதேர்ந்த வைத்தியனும் அந்நோயின்முன் வெறுங்கையனாய் நிற்க நேர்ந்தது. இதனை அம்மையார் தம் இல்லத்திலேயே கண்டார். அவருடைய பிற்கால முயற்சிகளுக்கெல்லாம் வித்து இங்கேதான் விழுந்தது என்று துணிந்து சொல்ல நமக்கு ஆதாரமில்லை. ஆயினும் அவ்வாறு நினையாமலிருப்பதும் நமக்கு அரிதாயிருக்கிறது.

கைம்மை எய்திய உயர்குலப் பெண் வீட்டின் உள்ளறையில் ஒடுங்கியிருப்பதே முறையென்று கருதப்பட்ட காலம் அது. அம்மையாரோ டில்லிக்குச் சென்று லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியிற் பயின்று, 1936இல் தமது முப்பத்திரண்டாம் வயதில் டாக்டர் பட்டம் பெற்றார். உடன் பயின்ற சுசீலா நய்யார் வாயிலாகக் காந்தியடிகளின் தொடர்பும், பின்னர் ஜி. இராமச்சந்திரனின் நட்பும் வாய்த்தன. அவ்விருவரும் மணம்புரிய விழைந்தபோது காந்தியடிகள் அவர்களை ஓராண்டு பிரிந்திருக்கச் செய்து, அதன்பின் 1940இல் சேவாகிராமத்தில் தாமே முன்னின்று மணம் முடித்துவைத்தார்.

கஸ்தூரிபா நினைவு நிதியின் தென்னாட்டுப் பிரதிநிதியாகக் காந்தியடிகளால் அமர்த்தப்பெற்ற அம்மையார், 1947இல் கணவருடன் காந்திகிராமத்தை நிறுவினார். நெசவாளர் நிறைந்த சின்னாளபட்டியில் அவர் தொடங்கிய சிகிச்சை நிலையத்தில் இருந்தவை இரண்டே படுக்கைகள். செல்வர் வீட்டு மகளாகிய அவர் மதுரையிலோ சென்னையிலோ பெரியதொரு மருத்துவமனை கட்டியிருக்கலாகாதோ என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கவேண்டிய கேள்வி, இவ்வட்டாரத்து மக்கள் எவற்றால் மடிந்தனர் என்பதே.

பிரசவத்தை எடுத்துக்கொள்வோம். அக்காலத்தில் சிற்றூர்களில் அரிவாளோ கத்தியோ கைக்கு அகப்பட்டதைக் கொண்டு தொப்புட்கொடியை அறுப்பதும், அவ்விடத்திற் சாம்பலோ சாணமோ வைப்பதும் உண்டு. மண்ணிலும் சாணத்திலும் உறையும் நுண்கிருமி அவ்வழியே உட்புகுந்தால், பிறந்த சில நாளில் குழந்தை பாலருந்த மாட்டாமல் வாய் இறுகி, உடல் வில்லைப்போல் வளைந்து மாண்டுபோம். இதுவே இரணஜன்னி. பேய் அறைந்ததென்று பெற்றோர் நம்புவர். அந்நிலையில் எந்தப் பெரிய மருத்துவமனையும் செய்யத்தக்கது சிறிதே. கொதிநீரில் இட்டெடுத்த கத்தியும், சோப்பிட்டுக் கழுவிய கையும், கருவுற்ற தாய்க்கு உரிய தடுப்பூசியும் இருந்தாலோ அக்குழந்தை பிழைக்கும்! பேதிக்கும் வாந்திபேதிக்கும் இதுவே கணக்கு. மருந்துண்டு தேறியவன் வீடு திரும்பி அதே அழுக்கு நீரைப் பருகினால், மறுபடி படுக்கைக்கு வருவான்.

ஆகவே கிராமப் பெண்களையே மருத்துவச்சிகளாகவும் சேவகிகளாகவும் பயிற்றி ஊர்களுக்கு அனுப்பும் முறையைக் காந்திகிராமம் மேற்கொண்டது. வெளியூர் டாக்டர் சொன்னால் தலையசைத்துவிட்டு மறந்துபோகும் மாமியார், தன் தெருப் பெண் அடுப்படியில் நின்று சொன்னால் கொஞ்சமாவது செவிசாய்ப்பாள். கொஞ்சமே என்பதையும் நாம் மறைக்கவேண்டுவதில்லை. தலைமுறை தலைமுறையாய் வந்த பழக்கம் ஒரு சொற்பொழிவிற் போய்விடுமோ? 1959இல் ஆத்தூர் வட்டாரத்தில் ஒரு முன்னோடிச் சுகாதாரத் திட்டம் ஏற்பட்டது. அதன் வளர்ச்சியாக 1964இல் கிராமச் சுகாதாரத்திற்கும் குடும்ப நலத்திற்கும் ஒரு தனி நிலையம் அமைந்து, சுகாதார ஊழியர்க்குப் பயிற்சி அளிக்கலாயிற்று. சித்த ஆயுர்வேத மருந்துகளும் காந்திகிராமத்தில் செய்யப்பட்டன. ஆங்கில வைத்தியம் கற்றவர் நிறுவிய இடத்தில் நாட்டு மருந்துக்கும் இடமிருந்தது நமக்கு மிகவும் உவப்பாயிருக்கிறது.

அரசியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1952இலும் 1957இலும் சென்னைச் சட்டசபைக்கும், 1962இல் திண்டுக்கல்லினின்று பாராளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பெற்று, மத்திய அரசில் கல்வித் துணை அமைச்சராக இருந்தார். பத்மபூஷண் விருதும் 1962இற் கிடைத்தது. 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் திண்டுக்கல் மக்கள் அவரைத் தோற்கடித்தனர். அவர்களுள் எத்தனைபேர் அவருடைய மருத்துவமனையிற் பிறந்த பிள்ளைகளின் பெற்றோரோ! அம்மையார் காந்திகிராமத்துப் பணிக்கே மீண்டார்.

1984ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 21ஆம் நாள் அவர் காலமானார். 2005இல் அஞ்சல் துறையார் அவர் உருவந்தாங்கிய தபால்தலை ஒன்றை வெளியிட்டனர். இரண்டு படுக்கைகளோடு தொடங்கிய இடத்தில் இன்று நூற்றுக்கணக்கான படுக்கைகள் உள்ளன.