கறுப்பு வெள்ளைப் பறவைகள்

1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி பிறந்தவர் மா. கிருஷ்ணன். பத்மாவதி சரித்திரம் நாவலை எழுதிய அ. மாதவையா இவருடைய தந்தை. எட்டுக் குழந்தைகளில் இவர்தான் கடைக்குட்டி.

அவர்கள் குடியிருந்த சென்னை மயிலாப்பூர் அப்போது புதரும் தோப்புமாக இருந்தது. நரிகள் திரியும், வெளிமான்கூடத் தென்படும். அவற்றைப் பார்த்து வளர்ந்த கிருஷ்ணன், பெரியவரானதும் காடு, ஏரி என்று கேமராவுடன் கிளம்பிவிட்டார்.

வெவ்வேறு பாகங்களைச் சேர்த்து அமைத்த கனமான கேமரா அவருடையது. அதற்கு அவர் வைத்த பெயர் 'சூப்பர் பாண்டெரோசா'! கறுப்பு வெள்ளைப் படங்களையே அவர் எடுத்தார்.

கறுப்பு வெள்ளைக்கு ஒளிதான் உயிர். உச்சி வெயிலில் கொக்கைப் படம் எடுத்தால், சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துவிடும். விடியற்காலை இளவெயிலில் எடுத்தாலோ ஒவ்வோர் இறகும் தனித்தனியே தெரியும்.

வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் நத்தைகுத்தி நாரை, வக்கா, நீர்க்காகம் போன்ற பறவைகளைப் பற்றியும் கிருஷ்ணன் எழுதினார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு நல்ல உரம். அதனால் அவ்வூர் மக்கள் 200 ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பறவைகளைக் காத்து வருகிறார்கள்.

1950 முதல் 46 ஆண்டுகள் 'ஸ்டேட்ஸ்மேன்' நாளிதழில் இயற்கையைப் பற்றி எழுதினார் கிருஷ்ணன். 1996 பிப்ரவரி 18ஆம் தேதி அவர் மறைந்தார். அவருடைய கடைசிக் கட்டுரை வெளிவந்ததும் அன்றுதான்!

அவர் சிறுவயதில் பார்த்த நரியும் மானும் இன்று மயிலாப்பூரில் இல்லை. ஊரே சேர்ந்து காக்கும் வேடந்தாங்கலுக்கோ பறவைகள் இன்றும் வருகின்றன. உங்கள் ஊர் ஏரிக்கும் ஒருநாள் விடியற்காலையில் போய்ப் பாருங்கள், குழந்தைகளே!