மறுத்த மங்கை டாக்டர் ருக்மாபாய்

தமிழ்ச் சங்க மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று நம் செயலாளர் கேட்டபோது, தாவரவியலைப் பற்றி எழுதுவதாகத்தான் ஒப்புக்கொண்டேன். எம்.எஸ்ஸி. இறுதியாண்டு மாணவிக்கு வேறு என்ன தெரியும்? மும்பைக் கடைகளில் விற்கும் மூலிகைச் சரக்குகளைப் பற்றிக் குறிப்பெடுக்கப் பழைய நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அங்கே டாக்டர் சக்காராம் அர்ஜுன் என்ற பெயர் எதிர்ப்பட்டது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவர். 1879-இல் பம்பாயின் மருந்துச் சரக்குகளைப் பற்றி நூல் செய்தவர். 1883-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைத் தொடங்கிய எண்மருள் இருந்த இரண்டே இந்தியரில் ஒருவர். அவரைப் பற்றி மேலும் அறியப் போனவள், அவருடைய வளர்ப்பு மகளிடம் போய் நின்றுவிட்டேன். மூலிகைகள் அடுத்த மலருக்குக் காத்திருக்கட்டும். மும்பைக்குப் படிக்க வந்திருக்கும் நம் தமிழ் மாணவியரும் மாணவரும் இந்நகரத்து நங்கை ஒருத்தியை அறிந்துகொள்வது நல்லது.

ருக்மாபாய் 1864-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். தாய் ஜயந்திபாய், தந்தை ஜனார்தன் பாண்டுரங்கர். தாய்க்கு 14 வயதில் மணம், 15 வயதில் மகள், 17 வயதில் கைம்மை. ஒரு பெண்ணின் வாழ்வு மூன்றே ஆண்டுகளில் தொடங்கி முடிந்துவிட்டதாக அக்காலம் கருதியது. ஆனால் அவர்கள் பிறந்தது தச்சுத் தொழில் செய்யும் சுதார் குலம். அக்குலத்தில் கைம்பெண் மறுமணத்திற்குத் தடை இல்லை. ஆறாண்டு கழித்து ஜயந்திபாய் டாக்டர் சக்காராம் அர்ஜுனை மணந்தார். மணக்குமுன் முதற் கணவரின் சொத்தை மகள் பெயருக்கு எழுதிவைத்தார். 8 வயதுச் சிறுமி சொத்துக்கு உரியவள் ஆனாள். பின்னால் வந்த தொல்லைகளுக்கெல்லாம் இதுவும் ஒரு வித்து.

11 வயதில் ருக்மாபாய்க்கு மணம் நடந்தது. மாப்பிள்ளை தாதாஜி பிக்காஜி, சக்காராமின் உறவினன், வயது 19, வசதியற்றவன். அவன் பெண் வீட்டிலேயே தங்க வேண்டும், படித்து நல்ல மனிதனாக வேண்டும் என்பது ஏற்பாடு. படிப்பில் அவனுக்கு நாட்டம் இல்லை. பின்னர் தன் மாமன் நாராயண் தர்மாஜியின் வீட்டிற்குப் போய்ச் சேர்ந்தான். அங்கே கடன் சேர்ந்தது. மனைவியின் சொத்து வந்தால் அடைத்துவிடலாம் என்ற எண்ணமும் சேர்ந்தது.

மணமான சில மாதங்களில் சிறுமி பூப்பெய்தினாள். அன்றைய வழக்கப்படி உடனே சாந்தி முகூர்த்தம் நடந்திருக்க வேண்டும். சக்காராம் மருத்துவர், அந்த வயது உடல் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதை அறிந்தவர். அவர் இசையவில்லை. சிறுமி பிறந்த வீட்டிலேயே இருந்தாள். அவருடைய இந்த ஒரு செயலுக்காகவே தாவரவியல் மாணவியாகிய நான் அவரை இன்னொரு முறை வணங்குகிறேன். ஆயினும் அந்த மணத்தை நடக்கவிட்டவரும் அவர்தான் என்பதை மறைக்கக் கூடாது. சீர்திருத்தம் பேசியவர் வீட்டிலும் 11 வயதில் தாலி ஏறியது.

ருக்மாபாயின் வாழ்வில் எல்லோரும் எழுதுவது பின்னால் வந்த வழக்கைப் பற்றித்தான். என் உள்ளம் நிற்பதோ அதற்கு முன் சென்ற ஏழெட்டு ஆண்டுகளில். மணத்தோடு பள்ளி நின்றுவிட்டது. தோழியர் ஒவ்வொருவராகக் கணவன் வீடு சென்றார்கள். இவள் மட்டும் வீட்டில் இருந்தாள். மணமானவள், ஆனால் மனைவி அல்லள். சிறுமி அல்லள், ஆனால் பள்ளிக்குப் போகக் கூடாதவள். கிறித்தவ மிஷன் நூல்நிலையம் ஒன்றிலிருந்து நூல்கள் வீட்டிற்கு வந்தன. வீட்டு வேலைகளுக்கு இடையே, பழக்கமான ஐரோப்பியப் பெண்மணியரின் உதவியோடு, ஆங்கிலத்தைத் தானே கற்றாள். ஆசிரியர் இல்லை, தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை. நாமோ விடுதியில் மின்விசிறி நின்றால் படிப்பை மூடிவைக்கிறோம்! பிரார்த்தனை சமாஜத்தாரின் பழக்கமும், ஆரிய மகிளா சமாஜத்து மாதரின் வாராந்தரக் கூட்டங்களும் அவளுடைய அறிவை விரித்தன.

இந்த ஆண்டுகளில்தான், எவரும் அறியாமல், அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். மணவறையில் அமர்ந்தவள் தான் என்பது உண்மை. ஆனால் மணத்திற்கு இசைந்தவள் தான் அல்லள். 11 வயதுக் குழந்தையின் இசைவு இசைவே அல்ல. எனவே அந்த மணம் தன்னைக் கட்டாது. எவ்வளவு எளிய வாதம்! எந்தச் சட்டநூலும் இதை அவளுக்குச் சொல்லித்தரவில்லை. பதின்ம வயதுப் பெண் ஒருத்தி தன் வாழ்வைத் தானே உற்று நோக்கிக் கண்ட உண்மை இது. பின்னாளில் பேரறிஞர் பலர் அவள் பக்கம் நின்று பேசியபோதும் இதற்கு மேல் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை என்பதே என் கருத்து.

1884-இல் தாதாஜி வழக்கறிஞர் வாயிலாகக் கடிதம் விடுத்து மனைவியை அனுப்பச் சொன்னான். ருக்மாபாய் போக மறுத்தார். பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்குப் பதிவாயிற்று. அடுத்த ஆண்டு சக்காராம் அர்ஜுன் காலமானார். துணையாக இருந்த மருத்துவர் மறைந்தபின்னும் அவர் பின்வாங்கவில்லை. அந்த 1885-ஆம் ஆண்டிலேயே இந்து மாது ஒருத்தி என்ற புனைபெயரில் குழந்தை மணத்தைப் பற்றியும் கட்டாயக் கைம்மையைப் பற்றியும் டைம்ஸ் ஆஃப் இந்தியா இதழுக்குக் கடிதங்கள் எழுதினார். அந்த மாது யார் என்பது பின்னர் ஊரறிந்த செய்தியாயிற்று.

வழக்கின் பெயர் தாம்பத்திய உரிமை மீட்பு. பெயரிலேயே ஒரு வேடிக்கை உண்டு. முன்பு இருந்து பின்பு இழந்ததைத்தானே மீட்க முடியும்? ஒரு நாளும் சேர்ந்து வாழாதவர்களிடையே மீட்பதற்கு என்ன இருக்கிறது? 1885 செப்டம்பர் 21-ஆம் நாள் நீதிபதி பின்ஹே ஏறத்தாழ இதையே கேட்டு வழக்கைத் தள்ளினார். அறியாப் பருவத்தில் மணம் செய்விக்கப்பட்டவளை அவள் விருப்பத்திற்கு மாறாக ஒருவனோடு சேர்த்துவைக்க முன்மாதிரி இல்லை என்பது அவர் கொண்ட முடிவு. இன்னொரு முரண்பாட்டையும் காணுங்கள். இந்த வகை வழக்கு இந்து தருமத்தில் பிறந்தது அன்று. இங்கிலாந்தின் திருச்சபை நீதிமன்றங்களிலிருந்து கப்பலேறி வந்தது. தாதாஜி வழக்குத் தொடுத்த அதே 1884-இல், இணங்காத மனைவியைச் சிறையில் இடும் விதியை இங்கிலாந்து நீக்கிவிட்டது. இந்தியாவில் அவ்விதி இருந்தது. அதைத்தான் பழமைவாதிகள் நம் பண்பாடு என்று சொல்லிக் காத்தார்கள்!

தீர்ப்பைக் கேட்டு நாடு இரண்டுபட்டது. மலபாரி அவர்கள் ருக்மாபாய்க்காக எழுதினார். நீதிமன்றத்தில் அவருக்காக வாதாடியவருள் காசிநாத் திரியம்பக் தெலாங் ஒருவர். எதிர்ப்பக்கத்தில் பாலகங்காதர திலகர் இருந்தார். பெண்களுக்கு ஆங்கிலக் கல்வி அளித்தால் இப்படித்தான் ஆகும், மதம் ஆபத்திற்கு உள்ளாகும் என்ற போக்கில் அவருடைய இதழ்கள் எழுதின. நாட்டு விடுதலைக்குச் சிறை புகுந்த பெரியவரை இங்கே இப்படிக் காண்பது எனக்கு வருத்தமாகவே இருந்தது. ஆனால் வருத்தத்திற்காக வரலாற்றை மாற்ற முடியாது.

மேல்முறையீட்டில் 1886-இல் தலைமை நீதிபதி சார்ஜண்ட்டும் நீதிபதி பேலியும் பின்ஹேயின் தீர்ப்பைக் கவிழ்த்தனர். 1887 மார்ச் 4-ஆம் நாள் நீதிபதி ஃபாரன் ஆணையிட்டார். ருக்மாபாய் கணவனோடு சென்று வாழ வேண்டும். இல்லையேல் ஆறு மாதச் சிறை. சரியாக ஆறு நாட்களுக்கு முன், பிப்ரவரி 26-இல், அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பியிருந்த ஆனந்திபாய் ஜோஷி 21 வயதில் புனாவில் இறந்திருந்தார். அவரும் 9 வயதில் மணமுடிக்கப்பட்டவர். ஒருத்தியைக் காலன் கொண்டான்; மற்றவளைச் சட்டம் கேட்டது.

ருக்மாபாய் சிறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டார். அப்போது அவருக்கு வயது 22. செல்வர் வீட்டுப் பெண், வாயில் தாண்டிப் பழகாதவர், கைதியாகப் போக அணியமாக இருந்தார். வழக்கு மேலும் இழுத்தது. முடிவில் 1888 ஜூலையில் உடன்பாடு ஏற்பட்டது. தாதாஜி 2,000 ரூபாய் பெற்றுக்கொண்டு தன் உரிமையைக் கைவிட்டான். மறு ஆண்டே வேறு மணமும் செய்துகொண்டான். சட்டம் ருக்மாபாயை விடுவிக்கவில்லை என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். அவரை விடுவித்தவை பணமும் பிடிவாதமும்.

விடுமுறையில் திருநெல்வேலிக்குப் போயிருந்தபோது இந்த வரலாற்றை என் தங்கைக்குச் சொன்னேன். அவளுக்கு வயது 16, பிளஸ் ஒன் படிக்கிறாள். கணக்கில் கெட்டி. தீங்கு செய்தவனுக்குத் தீங்கு பட்டவள் பக்கத்திலிருந்து பணம் போனது எந்தக் கணக்கு என்று கேட்டாள். சட்டம் படிப்பவரிடம் கேள் என்று தப்பித்துக்கொண்டேன். உண்மையில் அவளுக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை.

பிறகு நடந்தவை விரைவாகச் சொல்லத் தக்கவை. காமா மருத்துவமனையின் தலைமை மருத்துவராக இருந்த எடித் பீச்சி என்ற ஆங்கில மாது ஊக்கம் கொடுத்தார். எடின்பரோவில் பெண்களுக்கு மருத்துவக் கல்வி வேண்டிப் போராடிய எழுவருள் ஒருவர் அவர். 1889-இல் ருக்மாபாய் கப்பலேறி இலண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். 1894-இல் தகுதி பெற்றுத் திரும்பினார். சூரத்தில் பெண்கள் மருத்துவமனையில் பல்லாண்டு பணி. பின் இராஜ்கோட்டில் பணி. மொத்தம் ஏறத்தாழ 35 ஆண்டு. எந்தத் திரைக்குள்ளிருந்து தான் வெளிவந்தாரோ, அந்தத் திரைக்குள் இருந்த ஆயிரம் ஆயிரம் பெண்களின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். முக்காட்டு முறையை ஒழிக்க வேண்டும் என்று 1929-இல் சிறு நூலும் வெளியிட்டார். அவர் வழக்கு மூட்டிய சர்ச்சையும், கல்கத்தாவில் 11 வயது ஃபூல்மணியின் இறப்பும் சேர்ந்து 1891-இல் இசைவு வயதுச் சட்டத்திற்கு வழிகோலின. பத்திலிருந்து பன்னிரண்டு ஆயிற்று, அவ்வளவுதான். அதற்கே எவ்வளவு கூச்சல்!

ஓரிடத்தில் மட்டும் நான் திகைத்து நின்றேன். 1904-இல் தாதாஜி இறந்தான். ருக்மாபாய் வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டார். சிறையை ஏற்பேன், அவனை ஏற்கமாட்டேன் என்று நின்றவர், அவனுக்காகக் கைம்பெண் கோலம் பூண்டார். மறுமணமும் செய்துகொள்ளவில்லை. முதலில் எனக்குச் சினமே வந்தது. பிறகு சூரத்தை நினைத்தேன். நோயாளிப் பெண்களின் வீடுகள் அவருக்குத் திறக்க வேண்டும். கைம்பெண் கோலம் அந்த வாயில்களைத் திறந்திருக்கலாம். அல்லது தாம் வளர்ந்த வழக்கம் உள்ளே எங்கோ ஒட்டிக்கொண்டிருந்திருக்கலாம். கட்டாயக் கைம்மையைக் கண்டித்தவர், தாமே தேர்ந்த கைம்மையை வேறாகக் கண்டாரோ என்னவோ! வீரர்களை முழுவதும் நமக்கு ஏற்றபடி வார்த்துக்கொள்ள இயலாது.

1955 செப்டம்பர் 25-இல் ருக்மாபாய் மறைந்தார், வயது 90. அதே ஆண்டு மே மாதம் இந்து திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. மணவிலக்குப் பெற வழி செய்த அச்சட்டத்தின் 9-ஆம் பிரிவில் தாம்பத்திய உரிமை மீட்பும் இடம் பெற்றது. 1970-இல் இங்கிலாந்து அதை அடியோடு நீக்கியது. 1983-இல் ஆந்திர உயர்நீதிமன்றம் அப்பிரிவு செல்லாது என்றது. 1984-இல் உச்சநீதிமன்றம் செல்லும் என்றது. 2019-இல் குஜராத்தில் சட்டம் பயிலும் மாணவர்கள், நம் வயதினர், அதனை எதிர்த்து உச்சநீதிமன்றத்தில் மனுச் செய்தனர்.

ஊரிலிருந்து திரும்பும் நாளுக்கு முந்திய இரவு, ஆச்சிக்கும் இந்தக் கதையைச் சொன்னேன். ஆச்சிக்கு மணம் ஆனபோது வயது 15. அன்றைய சட்டப்படி அது குற்றம் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளி நின்றது. வழக்கு, தீர்ப்பு, சிறை எல்லாவற்றையும் பாக்கு இடித்துக்கொண்டே கேட்டாள், எதுவும் சொல்லவில்லை. வெள்ளைச் சேலைக்கு வியப்படையவும் இல்லை. கதை முடிந்ததும், அந்தப் பிள்ளை வீட்டிலிருந்தபடியே நூல்களை வருவித்து இங்கிலீஷ் படித்த பகுதியை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.