ஓய்வூதியம் வேண்டாம் என்ற பீனா தாஸ்: சிறைக்குப் பிந்தைய வாழ்க்கை

கொல்கத்தா: விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான ஓய்வூதியத் திட்டத்தை மத்திய அரசு 1972 ஆகஸ்ட் 15-இல் கொண்டுவந்தது. குறைந்தது ஆறு மாதம் சிறையில் இருந்தவர்களுக்கு மாதம் 200 ரூபாய் என்று முடிவானது. பெண்களுக்கு இது 1980-இல் மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் தொடக்கத்தில் இருந்தது. இரு முறை சிறை சென்று, ஏறத்தாழ பத்து ஆண்டுகளை அங்கே கழித்த பீனா தாஸ், அந்த ஓய்வூதியத்தை ஏற்க மறுத்தார்.

1911-இல் கிருஷ்ணாநகரில் பிறந்தவர் பீனா. தந்தை பேணி மாதவ் தாஸ், சுபாஷ் சந்திர போஸுக்குப் பள்ளியில் பாடம் சொன்ன ஆசிரியர். 1932 பிப்ரவரி 6-ஆம் தேதி, கல்கத்தா பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் வங்காள ஆளுநர் ஸ்டான்லி ஜாக்சனை நோக்கி பீனா துப்பாக்கியால் சுட்டார். இங்கிலாந்து கிரிக்கெட் அணியின் முன்னாள் தலைவரான ஜாக்சன் உயிர் தப்பினார். அன்று அதே அரங்கில் பீனாவும் பட்டம் பெற வேண்டியவர். பட்டத்துக்குப் பதிலாக ஒன்பது ஆண்டு கடுங்காவல் கிடைத்தது.

1939-இல் தண்டனைக் காலம் முடியும் முன்பே அவர் விடுவிக்கப்பட்டார். வயது 27, பட்டம் கைக்கு வரவில்லை. சிட்டகாங் வழக்கில் தண்டிக்கப்பட்ட கல்பனா தத்தும் அதே ஆண்டில்தான் வெளியே வந்தார். அவர் அடுத்த ஆண்டே பட்டம் முடித்தார்; பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றினார். பீனா சென்ற வழி வேறு. காங்கிரஸில் சேர்ந்து, டாலிகஞ்ச் அரிசி ஆலைத் தொழிலாளர்களிடையே சங்கப் பணி செய்தார். வெள்ளையனே வெளியேறு இயக்கம் அவரை மீண்டும் சிறைக்கு அனுப்பியது. 1945-இல்தான் வெளியே வந்தார்.

1946 முதல் 1951 வரை சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். 1947-இல், யுகாந்தர் இயக்கத்தைச் சேர்ந்த ஜதீஷ் சந்திர பௌமிக்கை மணந்தார். சிறை நினைவுகளை வங்க மொழியில் நூலாக எழுதினார். சமூகப் பணிக்காக 1960-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. விருதை ஏற்றவர் பணத்தை மறுத்தது முரணாகத் தோன்றலாம். ஆனால் நாட்டுக்காகச் செய்ததற்கு மாதக் கணக்கில் தொகை பெறுவது வேறு வகை என்று கருதும் பழைய தலைமுறையினர் அன்று வங்கத்தில் பலர் இருந்தனர்.

அந்த மறுப்பின் விலை முதுமையில் தெரிந்தது. கணவர் மறைந்தபின் கொல்கத்தாவை விட்டு ரிஷிகேஷ் சென்று, தனிமையில் வாழ்ந்தார். 1986 டிசம்பரில் அங்கே சாலையோரத்தில் சிதைந்த நிலையில் ஒரு உடல் கிடைத்தது. அது பீனா தாஸ் என்று அடையாளம் காணவே காலம் பிடித்தது.

நிறுத்தி வைக்கப்பட்ட பட்டத்துக்கான சான்றிதழை கல்கத்தா பல்கலைக்கழகம் 2012-இல் வழங்கியது. பிரீத்திலதா வத்தேதாருக்கும் அப்போதே அளிக்கப்பட்டது. பீனா இறந்து அப்போது கால் நூற்றாண்டு கடந்திருந்தது.