பத்துப் பேரை வைத்து ஜெயித்த காப்டன்

இங்கிலாந்தின் வடக்கே யார்க்ஷயர் என்று ஒரு மாகாணம். அங்கே ஹட்டர்ஸ்பீல்டு என்பது கம்பளித் துணிக்குப் பெயர் போன ஊர்.

அந்த ஊரில் ரக்பி ரசிகர்கள் நாலு பேர் கூடினால் ஒரு பேச்சு தவறாமல் வரும். நம்முடைய கோஷ்டி ஒரு காலத்தில் எப்படி இருந்தது! பிறகு ஏன் இப்படி ஆயிற்று?

யுத்தம்தான் கெடுத்தது என்பார் ஒருவர். இல்லை, வயதுதான் காரணம் என்பார் மற்றொருவர். கிளப்பை நடத்தியவர்கள் மேல் பழி போடுவார் மூன்றாமவர். 100 வருஷத்துக்கு மேலாக நடக்கும் வழக்கு இது. இன்னும் தீர்ப்பு ஆகவில்லை.

ஆனால், எந்தக் கட்சியில் நின்று வாதாடுகிறவரும் ஒரு பெயரைச் சொல்லாமல் விடமாட்டார்.

அந்தப் பெயர், ஹாரோல்டு வாக்ஸ்டாப்.

ரக்பி லீக் என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடும் ஆட்டம். பந்தை முன்பக்கம் எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்பக்கமோதான் கூட்டாளிக்குக் கொடுக்க வேண்டும். பந்தை வைத்திருப்பவரை எதிரிகள் பாய்ந்து பிடித்துக் கீழே தள்ளுவார்கள். நம் சடுகுடுவில் பாடி வருகிறவரை மடக்குகிறார்களே, அந்த மாதிரி!

எதிரியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் அதற்கு 'டிரை' என்று பெயர். அந்தக் காலத்தில் ஒரு டிரைக்கு 3 புள்ளி. இரண்டு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கட்டைக்கு மேலே பந்தை உதைத்து அனுப்பினால் 2 புள்ளி.

இந்த ஆட்டம் பிறந்ததே ஹட்டர்ஸ்பீல்டில்தான். 1895-ம் வருஷம் ஆகஸ்டு 29-ந் தேதி, ஊரில் உள்ள ஜார்ஜ் ஓட்டலில் வடக்குப் பக்கத்து கிளப்புகள் கூடின. ஆட்டக்காரர்களில் பலர் ஆலைத் தொழிலாளிகள். சுரங்கத்தில் வேலை செய்தவர்கள். சனிக்கிழமை ஆட வந்தால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியைக் கிளப்பு கொடுக்கலாமா என்பதுதான் தகராறு. கூடவே கூடாது என்றார்கள் தெற்கே இருந்த பெரிய மனிதர்கள். வடக்கத்தியார் பிரிந்து போய்த் தனிச் சங்கம் கண்டார்கள்.

5 சவரன்

ஹட்டர்ஸ்பீல்டுக்குப் பக்கத்தில் மலையோரமாக ஹோம்பர்த் என்று ஒரு சிற்றூர். அங்கே 1891-ம் வருஷம் மே 19-ந் தேதி வாக்ஸ்டாப் பிறந்தார். ஊரிலேயே அண்டர்பாங்க் ரேஞ்சர்ஸ் என்ற சின்ன கோஷ்டியில் சிறு வயதிலேயே ஆடத் தொடங்கினார்.

பையன் ஓடுகிற அழகைப் பற்றிப் பேச்சு பரவியது. ஹட்டர்ஸ்பீல்டு கிளப்பார் அவனைத் தங்கள் கோஷ்டியில் சேர்த்துக்கொண்டார்கள். கொடுத்த பணம் 5 சவரன்! இன்று நம் வீடுகளில் சவரன் என்றால் நகையின் எடை. அன்று இங்கிலாந்தில் அது புழங்கிய தங்க நாணயம்.

1906-ம் வருஷம் நவம்பர் 10-ந் தேதி பிராம்லி கோஷ்டிக்கு எதிராக அவன் முதல் பந்தயம் ஆடினான். அப்போது அவனுக்கு வயது 15. இன்னும் மீசை அரும்பாத பையன், சுரங்கத் தொழிலாளிகளின் தோளோடு தோள் மோதினான்!

அந்தப் பருவத்தில்தான் ரக்பி லீக்கில் ஒரு மாறுதலும் வந்தது. ஒரு கோஷ்டிக்கு 15 பேர் என்றிருந்ததை 13 ஆகக் குறைத்தார்கள். மைதானத்தில் இடம் கூடியது. முட்டி மோதுகிறவனைவிட மூளையை வைத்து ஓடுகிறவனுக்கு மதிப்பு கூடியது. வாக்ஸ்டாப்புக்காகவே செய்த சட்டம் போல அது அமைந்துவிட்டது.

17 வயதில் யார்க்ஷயர் மாகாணத்துக்கு ஆடினார். 1909 ஜனவரியில், அதே 17 வயதில், இங்கிலாந்துக்காக ஆஸ்திரேலியாவை எதிர்த்து ஆடினார். 20 வயதை ஒட்டி ஹட்டர்ஸ்பீல்டு கோஷ்டிக்கே காப்டன் ஆனார். தன்னைவிட மூத்தவர்களுக்கு உத்தரவு போடுவது லேசான காரியமா? அவர் சொன்னால் அவர்கள் கேட்டார்கள்.

சகல திறமையும் கூடிய கோஷ்டி

ஹட்டர்ஸ்பீல்டின் ஆட்டக்காரர்கள் ஒரே ஊர்க்காரர்கள் அல்ல. ஆல்பர்ட் ரோசன்பெல்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து யூதர். ஆட வந்த இடத்தில் ஹட்டர்ஸ்பீல்டுப் பெண்ணை மணந்து ஊரோடு தங்கிவிட்டார். பந்தை உதைப்பதில் கெட்டிக்காரரான பென் குரோனோ வேல்ஸ் நாட்டவர். டக்ளஸ் கிளார்க் கம்பர்லாந்துக்காரர். நிலக்கரி வியாபாரம் செய்தவர், மல்யுத்த வீரர். நியூசிலாந்துக்காரர்களும் இருந்தார்கள். இந்தக் கோஷ்டிக்கு, சகல திறமையும் கூடிய கோஷ்டி என்றே பெயர் வந்துவிட்டது.

நடுவே நின்று இவர்களை ஆட்டி வைத்தவர் வாக்ஸ்டாப். தான் ஓடி டிரை போடுவதைவிட, அடுத்தவனைப் போட வைப்பதுதான் அவருடைய வித்தை. எதிரிகள் இரண்டு மூன்று பேரைத் தன் பக்கம் இழுப்பார். அவர்கள் பாயும் கடைசி நொடியில் பந்து கைமாறிவிடும். பந்தை வாங்கிய ஓரத்து ஆட்டக்காரனுக்கு முன்னால் வெறும் புல்தான் இருக்கும்!

1913-14 பருவத்தில் ரோசன்பெல்டு போட்ட டிரை 80. இந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. பெயர் ரோசன்பெல்டுக்கு. ஆனால் பந்து வந்த வழியைப் பார்த்தால் அதில் வாக்ஸ்டாப்பின் பங்கு தெரியும்.

8 நாளில் 3 பந்தயம்

1914-ல் பிரிட்டிஷ் கோஷ்டி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியது. காப்டன் வாக்ஸ்டாப். வயது 22.

ஜூன் 27-ந் தேதி சனிக்கிழமை, சிட்னியில் முதல் டெஸ்டு. பிரிட்டன் 23-5 என்று ஜெயித்தது. ஒரு நாள் இடைவெளி விட்டுத் திங்கட்கிழமையே இரண்டாவது டெஸ்டு. அதில் ஆஸ்திரேலியா 12-7 என்று ஜெயித்தது. (நடுவில் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, ஐரோப்பாவில் செரஜீவோ நகரத்தில் ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் குண்டு தங்கள் வீட்டுக் கதவையும் தட்டும் என்று அந்த ஆட்டக்காரர்களில் யார் நினைத்திருப்பார்கள்?)

மூன்றாவது டெஸ்டு பின்னால் மெல்போர்னில் நடக்க வேண்டியது. ஆஸ்திரேலியர்கள் அதை முன்னுக்கு இழுத்து, ஜூலை 4-ந் தேதி சிட்னியிலேயே வைத்துவிட்டார்கள். பிரிட்டிஷ் ஆட்டக்காரர்களில் பலருக்குக் காயம். மானேஜர் ஜான் கிளிபோர்டும் ஹட்டர்ஸ்பீல்டுக்காரர்தான். முடியாது என்று வாதாடிப் பார்த்தார். விஷயம் தந்தி மூலம் இங்கிலாந்துக்குப் போனது. ஆடித்தான் தீர வேண்டும் என்று பதில் வந்தது. கிளிபோர்டு ஆட்டக்காரர்களைக் கூட்டி வைத்து உருக்கமாகப் பேசி அனுப்பினார்.

ஆட்டம் தொடங்கிச் சில நிமிஷங்களில் பிராங்க் வில்லியம்சுக்குக் காலில் அடி. கிளார்க்குக்குக் கட்டை விரல் முறிந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு திரும்ப வந்தார். அப்புறம் தோள்பட்டை எலும்பும் முறிந்தது. அதோடும் ஆடப் பார்த்தார்; முடியவில்லை. மற்றொருவர் தலையில் அடிபட்டு வெளியே போனார். அந்தக் காலத்தில் காயம் பட்டவருக்குப் பதில் ஆள் இறக்க அனுமதி இல்லை. ஆஸ்திரேலியர் 13 பேர். பிரிட்டன் பக்கம் 10 பேர்!

பாதி ஆட்டத்தில் பிரிட்டன் 9-0 என்று முன்னணியில் இருந்தது. பத்துப் பேரை வைத்துக்கொண்டு அதைக் காப்பாற்றினால் போதும் என்றுதான் வேறு எவரும் நினைப்பார்கள். வாக்ஸ்டாப் பந்தை எடுத்துக்கொண்டு எதிரிகளின் நடுவே புகுந்தார். அவர்களைத் தன் மேல் இழுத்துக்கொண்டு சிக் ஜான்சனிடம் பந்தைக் கொடுத்தார். ஜான்சன் கனமான ஆள். ஆள் பஞ்சத்தால் அன்று ஓரத்தில் நிறுத்தப்பட்டவர். ஓடித் தப்ப முடியாது என்று கண்டு, பந்தைத் தரையில் போட்டுக் காலால் தட்டிக்கொண்டே போய் டிரை போட்டார்! கணக்கு 14-0 ஆயிற்று.

கடைசியில் ஆஸ்திரேலியர் இரண்டு டிரை போட்டார்கள். முடிவு 14-6. எதிரி ஊர்ச் சனங்களே எழுந்து கைதட்டினார்கள்.

1879-ல் தென்ஆப்பிரிக்காவில் ரோர்க்ஸ் டிரிப்ட் என்ற இடத்தில் ஒரு சிறிய பிரிட்டிஷ் படை ஆயிரக்கணக்கான சூலு வீரர்களைத் தாக்குப் பிடித்தது. அந்தப் பெயரையே இந்தப் பந்தயத்துக்கும் வைத்துவிட்டார்கள்.

நாலு கோப்பையும் ஒரு யுத்தமும்

சரியாக ஒரு மாதத்தில், ஆகஸ்டு 4-ந் தேதி, பிரிட்டன் யுத்தத்தில் இறங்கியது. கோஷ்டி இன்னும் ஊர் திரும்பியிருக்கவில்லை.

1914-15 பருவத்தின் பந்தயங்கள் எப்படியோ நடந்தன. அதில் ஹட்டர்ஸ்பீல்டு நாலு கோப்பைகளையும் வாரிக்கொண்டு போயிற்று. யார்க்ஷயர் கோப்பை, யார்க்ஷயர் லீக், சாம்பியன் பட்டம், சவால் கோப்பை. சாம்பியன் பந்தயத்தில் லீட்ஸ் கோஷ்டியை 35-2 என்று தோற்கடித்தார்கள். சவால் கோப்பையில் செயிண்ட் ஹெலன்ஸ் கோஷ்டியை 37-3. இவை இறுதிப் பந்தயங்களா, விளையாட்டுப் பிள்ளைகளோடு ஆடியதா என்று கேட்கத் தோன்றுகிறது! ஒரே பருவத்தில் நாலையும் வென்ற கோஷ்டிகள் சரித்திரத்தில் மூன்றே மூன்று. மற்றவை ஹன்ஸ்லெட், ஸ்விண்டன்.

அப்போது வாக்ஸ்டாப்புக்கு 23 வயது. ஓர் ஆட்டக்காரனின் உடம்பு நன்றாக முறுக்கேறி நிற்கும் வயது.

அதோடு ஆட்டம் நின்றது. கோப்பைப் பந்தயங்களை நிறுத்திவிட்டார்கள். ஆட்டக்காரர்கள் பட்டாளத்துக்குப் போனார்கள். பிரெட் லாங்ஸ்டாப் 1916-ல் போர்க்களத்தில் மாண்டார். சிட்னியில் எலும்பு முறிந்த கிளார்க், பிரான்சில் விஷப்புகைக்கு ஆளானார். வீரப் பதக்கம் பெற்றார். வாக்ஸ்டாப் ராணுவத்தின் போக்குவரத்துப் படையில் சேர்ந்தார். எகிப்துக்கும் அனுப்பப்பட்டார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. காசு வாங்கி ஆடுகிறவர்கள் என்று வடக்கத்தியாரைத் தீண்டாமல் ஒதுக்கிய தெற்கத்தி ரக்பிக்காரர்கள், யுத்த காலத்தில் மட்டும் பட்டாள கோஷ்டிகளில் அவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். வாக்ஸ்டாப், கிளார்க், குரோனோ, ரோசன்பெல்டு எல்லோரும் அங்கே ஆடினார்கள். யுத்தம் முடிந்ததும் கதவு மறுபடி சாத்தப்பட்டது.

ஒரே ஒரு புள்ளி

1919-20 பருவம் முழுசாக நடந்தபோது வாக்ஸ்டாப்புக்கு வயது 28. பழைய ஆட்களில் மிஞ்சியவர்களோடு மீண்டும் ஒரு முறை கிளம்பினார். யார்க்ஷயர் கோப்பை வந்தது. யார்க்ஷயர் லீக் வந்தது. இறுதிப் பந்தயத்தில் விகன் கோஷ்டியை 21-10 என்று தோற்கடித்ததில் சவால் கோப்பையும் வந்தது. பாக்கி ஒன்றுதான்.

ஆனால் சாம்பியன் இறுதிப் பந்தயம் நடக்கும்போது வாக்ஸ்டாப் ஊரில் இல்லை! பிரிட்டிஷ் கோஷ்டியின் காப்டனாக மறுபடியும் ஆஸ்திரேலியாவுக்குப் போயிருந்தார். கிளார்க், குரோனோ, ரோஜர்ஸ், தாமஸ் ஆகிய நாலு பேரும் உடன் போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் ஹல் கோஷ்டியோடு மோதினார்கள். ஹல் 3, ஹட்டர்ஸ்பீல்டு 2. பில்லி பாட்டன் போட்ட ஒரே டிரையில் எல்லாம் போயிற்று.

அந்த ஐந்து பேரில் இரண்டு பேராவது இருந்திருந்தால்? இந்தக் கேள்வியை ஹட்டர்ஸ்பீல்டுக்காரர்கள் இன்னும் விடவில்லை. அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

ஆஸ்திரேலியாவிலும் அந்தத் தடவை டெஸ்டுத் தொடர் கைவிட்டுப் போனது. பிறகு வாக்ஸ்டாப் 1925 வரை ஹட்டர்ஸ்பீல்டுக்கு ஆடினார். அந்த ஐந்து வருஷத்தில் சாம்பியன் பட்டமோ சவால் கோப்பையோ ஊருக்கு வரவில்லை. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். மொத்தம் 436 பந்தயங்கள் ஆடிவிட்டு அவரும் விலகினார். வேறு கோஷ்டிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். ஹட்டர்ஸ்பீல்டில் ஓட்டல் நடத்தினார்.

1939 ஜூலை 19-ந் தேதி காலமானார். வயது 48தான். அடுத்த உலக யுத்தம் தொடங்க ஏழு வாரங்கூட இல்லை.

தீராத வழக்கு

அவர் ஆடி முடித்த பிறகும் கிளப்பு அடியோடு விழுந்துவிடவில்லை. 1929, 1930, 1949 வருஷங்களில் சாம்பியன் ஆனார்கள். 1933, 1945, 1953-ல் சவால் கோப்பை. 1962-ல் வேக்பீல்டு கோஷ்டி மூன்று கோப்பைகளை வென்று நாலாவதற்குக் காத்திருந்தது. குறுக்கே நின்று அதைத் தட்டிப் பறித்தது ஹட்டர்ஸ்பீல்டு! 1920-ல் தாங்கள் பட்ட பாட்டை இன்னொரு கோஷ்டிக்குக் கொடுத்தார்கள். அவர்கள் கடைசியாகச் சாம்பியன் ஆனது அப்போதுதான்.

அதன் பிறகுதான் நிஜமான சரிவு. ஆலைகள் மூடின. கூட்டம் குறைந்தது. 1980-களில் சில பந்தயங்களுக்குச் சில நூறு பேர்தான் வந்தார்கள். 1984-ல் கோஷ்டியின் பெயரையும் மைதானத்தின் பெயரையும் மாற்றிப் பார்த்தார்கள். பெயரை மாற்றினால் பந்து கைக்கு வந்துவிடுமா? சில வருஷத்தில் பழைய பெயருக்கே திரும்பினார்கள். பின்னால் ஹட்டர்ஸ்பீல்டு ஜயண்ட்ஸ் என்று ஆனார்கள்.

2013-ல் லீக் பட்டியலில் முதல் இடம் பிடித்தார்கள்; 81 வருஷத்துக்குப் பிறகு! ஆனால் சாம்பியன் பட்டம் கிடைக்கவில்லை. 2006, 2009, 2022 என்று மூன்று தடவை சவால் கோப்பை இறுதிப் பந்தயம் வரை போய்த் தோற்றார்கள். 2022-ல் விகன் கோஷ்டியிடம் 16-14. இரண்டே புள்ளி!

1988-ல் ரக்பி லீக் புகழ் மண்டபம் என்று ஒன்று ஏற்படுத்தி முதலில் 9 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். வாக்ஸ்டாப் அதில் ஒருவர். ரோசன்பெல்டு ஒருவர். 1920-ல் டிரை போட்டு அவர்கள் ஊரைத் தவிக்க விட்ட பாட்டனும் ஒருவர்.

வாக்ஸ்டாப்பும் அவருடைய கூட்டாளிகளும் ஆடிய மைதானத்துக்குப் பார்டவுன் என்று பெயர். 1992-ல் கோஷ்டி அதை விட்டுப் போய்விட்டது. ஆனாலும் புது மைதானத்தில் உட்கார்ந்துகொண்டு ரசிகர்கள் தங்கள் ஆட்களைப் பார்த்துப் போடுகிற கூச்சல், பார்டவுன், பார்டவுன் என்பதுதான்.