தன் பெயரிலுள்ள எண்ணை அறியாமலே மறைந்த அவகாட்ரோ!

ப்ளஸ் ஒன் வேதியியலில் வந்து பயமுறுத்திய 6.022 × 10²³ நினைவிருக்கிறதா? அந்த எண்ணுக்குச் சொந்தக்காரராகச் சொல்லப்படும் அமேதியோ அவகாட்ரோவுக்கு அது கடைசிவரை தெரியவே தெரியாது.

1776-ல் இத்தாலியின் டுரின் நகரில் பிறந்தார். குடும்பமே வக்கீல் குடும்பம். இவரும் 20 வயதிலேயே திருச்சபைச் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார். ஆனால் மனசு போனது இயற்பியல் பக்கம்.

அப்போது ஒரு பெரிய குழப்பம் இருந்தது. 2 லிட்டர் ஹைட்ரஜனும் 1 லிட்டர் ஆக்சிஜனும் சேர்ந்தால் 2 லிட்டர் நீராவி வருகிறது. ஒரு பங்கு ஆக்சிஜன் எப்படி இரண்டு பங்கு நீராவிக்குள் போனது? 1811-ல் அவகாட்ரோ விடை சொன்னார். ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்தில் சம அளவு வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும்; ஆக்சிஜன் மூலக்கூறு இரண்டாகப் பிரியக்கூடியது. அவ்வளவுதான்!

இதனால் என்ன லாபம்? அணுவை யாரும் தராசில் வைக்க முடியாது. ஆனால் சம அளவு வாயுக்களை எடை போட்டால், ஒரு மூலக்கூறு இன்னொன்றைவிட எத்தனை மடங்கு கனம் என்று தெரிந்துவிடும்.

யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரே வகை அணுக்கள் ஒன்றோடொன்று சேராது என்று டால்டன், பெர்சீலியஸ் போன்ற ஜாம்பவான்கள் நம்பினார்கள். இதற்கிடையே 1821 அரசியல் எழுச்சியின் பின்விளைவாக டுரின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியும் போனது; 1834-ல்தான் திரும்பக் கிடைத்தது. 1856-ல் இறந்தார்.

நான்கே ஆண்டுகளில், 1860 கார்ல்ஸ்ரூ மாநாட்டில், கனிசாரோ என்ற இத்தாலியர் அவரது கருத்தைத் தூசிதட்டி எடுத்து வாதாடினார். வேதியியலாளர்கள் மெல்ல மெல்ல மாறினார்கள். 1865-ல் லோஷ்மிட் மூலக்கூறின் அளவைக் கணக்கிட்டார். 1909-ல் ஜான் பெரன் அந்த எண்ணைக் கண்டறிந்து, அவகாட்ரோ பெயரையே சூட்டினார்.

இன்று அணு உலகின் எடை அலகு டால்டன். அதைக் கிராமாக மாற்ற இந்த எண்ணால் வகுத்தால் போதும்: 1 டால்டன் என்பது சுமார் 1.66 × 10⁻²⁴ கிராம். ஒரு நீர் மூலக்கூறு 18 டால்டன். 18 கிராம் தண்ணீர், அதாவது ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று அதிகம் எடுத்தால், அதில் 602-க்குப் பின்னால் 21 சைபர் போட்ட அளவுக்கு மூலக்கூறுகள். நம்ம கணக்கில் அறுபதாயிரம் கோடியை லட்சம் கோடியால் பெருக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், எடை அலகுக்கு வைத்திருப்பது அவரை ஏற்காத அதே டால்டனின் பெயர்தான். 2019 முதல் அவகாட்ரோ எண் அளந்து பார்க்கும் எண் அல்ல, 6.02214076 × 10²³ என்று நிரந்தரமாக நிர்ணயித்துவிட்டார்கள்.