அமெரிக்கா சென்று திரும்பிய அரசியல் சாசன ஆலோசகர்: பி.என். ராவ் மாற்றிய ஒரு சொற்றொடர்

புது தில்லி: நவம்பர் 26-ஆம் தேதி அரசியல் சாசன நாளாக 2015-ஆம் ஆண்டு முதல் கொண்டாடப்பட்டு வருகிறது. வரைவுக் குழுத் தலைவர் அம்பேத்கருக்கு நாடு அன்று மரியாதை செலுத்துகிறது. நான்கு நாள்கள் கழித்து வரும் நவம்பர் 30 ஓசையின்றிக் கழிந்துவிடுகிறது. அரசியல் சாசனத்தின் முதல் வரைவை எழுதிய பெனகல் நரசிங்க ராவ், 1953-இல் அந்த நாளில்தான் ஜூரிச் நகரில் காலமானார். அரசியல் நிர்ணய சபையில் அவர் உறுப்பினராக இருந்ததில்லை, சபையில் பேசியதில்லை, வாக்களித்ததும் இல்லை. எனினும், காவலில் வைக்கப்படும் ஒவ்வோர் இந்தியரும் நாடக்கூடிய 21-ஆவது பிரிவின் வாசகம் இன்றுள்ள வடிவம் பெற்றதில் அவருடைய அமெரிக்கப் பயணத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

மங்களூரில் 1887 பிப்ரவரி 26-இல் மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் ராவ். சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பில் தேறி, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் கணிதம் பயின்றார். ஜவாஹர்லால் நேரு அதே கல்லூரியில் படித்த காலம் அது. ஐ.சி.எஸ். தேர்வில் வென்ற பின், சென்னை மாகாணத்தில் உற்றாரும் நண்பர்களும் நிறைய இருப்பதால் அங்கு பணியாற்றுவது முறையாகாது என்று கருதி வேறு மாகாணம் கேட்டார், வங்காளம் கிடைத்தது. அவருடைய தம்பியருள் ராம ராவ் பின்னாளில் ரிசர்வ் வங்கி ஆளுநரானார். பத்திரிகையாளரான சிவ ராவ் அரசியல் நிர்ணய சபையிலேயே உறுப்பினராக அமர்ந்தார்.

கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி, சிந்து நதி நீர் குறித்து சிந்து, பஞ்சாப் மாகாணங்களிடையே எழுந்த தகராறை விசாரித்த ஆணையத்தின் தலைவர், ஹிந்து சட்டக் குழுத் தலைவர், குறுகிய காலம் காஷ்மீர் சமஸ்தானத்தின் பிரதமர் என அவர் வகித்த பொறுப்புகள் பல. பெண்களுக்குச் சொத்துரிமை தந்த 1956-ஆம் ஆண்டின் ஹிந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு வேர் அந்தக் குழுவின் பணியில் இருக்கிறது.

1946 ஜூலையில் அவர் அரசியல் சாசன ஆலோசகரானார். ஊதியம் பெறாமலே அப்பணியைச் செய்தார். உலக அரசியல் சாசனங்களைத் தொகுத்து உறுப்பினர்களுக்குக் குறிப்பேடுகள் வழங்கியது அவருடைய முதல் வேலை. 1947 அக்டோபரில் அவருடைய வரைவு தயாரானது. அதை வரைவுக் குழுவிடம் ஒப்படைத்துவிட்டு அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளுக்குப் புறப்பட்டார். அந்நாடுகளின் அரசியல் சாசனங்களை அவர் ஏற்கெனவே கரைத்துக் குடித்தவர். அவை நடைமுறையில் எங்கே இடறின என்பதை, அவற்றைக் கையாள்பவர்களிடமே கேட்டறிவதுதான் பயணத்தின் நோக்கம்.

அமெரிக்க ஏற்பாட்டில் இந்தியா ஏற்காமல் விட்டவை பல. அங்கு அதிபரை நாடாளுமன்றம் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் நீக்க இயலாது. இங்கு பிரதமர் மக்களவைக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அங்கு சிறிய மாநிலத்துக்கும் பெரிய மாநிலத்துக்கும் செனட்டில் சமமாக இரண்டு இடங்கள். இங்கு மாநிலங்களவையில் மக்கள்தொகை அடிப்படையில் இடங்கள். எஞ்சிய அதிகாரங்கள் அங்கு மாநிலங்களிடம் இருக்கின்றன. இங்கு அவை மத்திய அரசுக்குப் போயின. மாநிலங்கள் கூடி மத்தியை உருவாக்கிய நாட்டுக்கும், பிரிவினையின் நடுவே மத்தி சிதறிவிடக் கூடாதென அஞ்சிய நாட்டுக்கும் உள்ள வேறுபாடு அது. மாநில சுயாட்சி பேசுவோருக்கு அந்த அச்சத்தின் விலை தெரியும்.

ஆனால் இந்தியத் தலைவர்கள் அமெரிக்காவிடமிருந்து விரும்பி ஏற்றவையும் இருந்தன. எழுதிவைக்கப்பட்ட அடிப்படை உரிமைகளும், அவற்றை மீறும் சட்டங்களைச் செல்லாது என அறிவிக்கும் நீதிமன்ற அதிகாரமும் அவற்றுள் தலையானவை. அடிப்படை உரிமைகளை வகுத்த குழு, அமெரிக்க சாசனத்தின் 5, 14-ஆவது திருத்தங்களில் உள்ள ஒரு சொற்றொடரையும் 1947-இல் எடுத்துக்கொண்டது. உரிய சட்ட நெறிமுறையின்றி எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கலாகாது என்பது அதன் சாரம். சட்டம் இருக்கிறது என்பது மட்டும் போதாது, அது நியாயமானதா என்றும் நீதிபதி கேட்கலாம் என்று அச்சொற்களுக்கு அமெரிக்க நீதிமன்றங்கள் பொருள் கூறியிருந்தன.

அந்தக் கேள்வி அங்கு ஏழைகளுக்கு எதிராகத் திரும்பிய வரலாறும் உண்டு. ரொட்டித் தொழிலாளர்களின் வேலை நேரத்தை நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 60 மணி என வரையறுத்த நியூயார்க் மாநிலச் சட்டத்தை, ஒப்பந்தச் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்று கூறி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1905-இல் ரத்து செய்தது. நான்கு நீதிபதிகள் எதிர்த்தனர், ஐவர் வென்றனர். பெண்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் வழங்கிய தலைநகர் வாஷிங்டனின் சட்டமும் 1923-இல் அதே வழியில் வீழ்ந்தது. அந்த வழக்கில் சட்டத்தைக் காக்க வாதாடித் தோற்றவர் பெலிக்ஸ் பிராங்க்பர்டர். அதிபர் ரூஸ்வெல்ட்டுடன் மோதல் முற்றிய 1937-இல்தான் நீதிமன்றம் அந்தப் பாதையிலிருந்து விலகியது.

ராவ் வாஷிங்டன் சென்றபோது அதே பிராங்க்பர்டர் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தார். மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் இயற்றும் சட்டத்தை ஒரு சில நீதிபதிகள் விருப்பம்போல் வீழ்த்துவது ஜனநாயகத்துக்கு ஒவ்வாதது, நீதித்துறைக்கும் அது தாங்க முடியாத சுமை என்பது அவர் ராவிடம் தெரிவித்த கருத்து. ராவுக்கு இந்த ஐயம் முன்பே இருந்தது. ஜமீன்தாரி ஒழிப்பும் தொழிலாளர் நலச் சட்டங்களும் காத்திருந்த நாட்டில், நியூயார்க் கதை இங்கும் நடந்தால் என்ன செய்வது?

அவர் திரும்பிய பின் வரைவுக் குழு அச்சொற்றொடரை நீக்கியது. சட்டம் வகுத்த நடைமுறைப்படி என்ற வாசகம், 1946-ஆம் ஆண்டின் ஜப்பானிய சாசனத்தைத் தழுவி அதன் இடத்தில் அமர்ந்தது. 1948 டிசம்பரில் சபையில் கடும் விவாதம் நடைபெற்றது. கே.எம். முன்ஷி உள்ளிட்டோர் பழைய வாசகத்தைக் கோரினர். சென்னையின் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் மாற்றத்தை ஆதரித்து வாதாடினார். அம்பேத்கர் இரு பக்கத்து ஆபத்துகளையும் எடுத்துரைத்து, முடிவைச் சபைக்கே விட்டார். பழைய வாசகத்தை மீட்கும் திருத்தம் தோற்றது.

விளைவு தெரிய நெடுநாள் ஆகவில்லை. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் சென்னை மாகாணச் சிறையில் தடுப்புக் காவலில் இருந்தார். அவர் தொடுத்த வழக்கில் 1950 மே 19-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் இயற்றிய நடைமுறை பின்பற்றப்பட்டிருந்தால் போதும், அது நியாயமானதா என்று ஆராய இடமில்லை என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் முடிவு. வரைவில் அமெரிக்கச் சொற்றொடர் கைவிடப்பட்ட வரலாறும் அதற்குச் சான்றாயிற்று. நீதிபதி பசல் அலி மாறுபட்டார்.

ராவ் அஞ்சியது தொழிலாளர் சட்டங்களுக்காக. அடி விழுந்ததோ சிறைக் கைதியின் மீது. அவர் தடுக்க நினைத்ததும் தடைபடவில்லை. பிகார் நிலச் சீர்திருத்தச் சட்டத்தைப் பாட்னா உயர் நீதிமன்றம் 1951-இல் சமத்துவ உரிமை என்ற வேறொரு வாசல் வழியாக வீழ்த்தியது. இந்த ஒரு விஷயத்தில் அவருடைய கணக்கு பிசகியது என்றே சொல்ல வேண்டும்.

ஆயினும் அதே பயணத்தின் பயனாக அவர் முன்வைத்த இன்னொரு யோசனையைச் சேர்த்துப் பார்க்காமல் தீர்ப்புக் கூறுவது நேர்மையாகாது. அரசுக் கொள்கைக்கான வழிகாட்டு நெறிகளை நிறைவேற்ற இயற்றப்படும் சட்டம், அடிப்படை உரிமையோடு முரண்படுகிறது என்பதற்காகவே செல்லாததாகக் கூடாது என அவர் பரிந்துரைத்தார். வரைவுக் குழு அதை ஏற்கவில்லை. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை உச்ச நீதிமன்றம் 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் ரத்து செய்தபோது, வழிகாட்டு நெறிகள் அடிப்படை உரிமைகளுக்கு அடங்கியவையே என்று கூறியது. ராவின் யோசனை சாசனத்தில் இடம்பெற்றிருந்தால் அந்த வாதத்தின் போக்கே மாறியிருக்கக்கூடும். பெரியார் தலைமையில் சென்னையில் எழுந்த கிளர்ச்சியும், அதையடுத்து வந்த முதல் சாசனத் திருத்தமும் தமிழக வாசகர்கள் அறிந்தவை. ராவின் யோசனையை ஒத்த விதி, ஓரளவுக்கு மட்டும், 1971-இல் 25-ஆவது திருத்தத்தின் வாயிலாக வந்தது.

இந்த வழக்குகள் நடந்தபோது ராவ் இந்தியாவில் இல்லை. ஐ.நா.வில் இந்தியப் பிரதிநிதியாக நியூயார்க்கில் இருந்தார். 1950 ஜூனில் பாதுகாப்பு சபையின் தலைமை சுழற்சி முறையில் இந்தியாவுக்கு வந்திருந்தது; கொரியப் போர் மூண்டபோது அந்த நாற்காலியில் இருந்தவர் அவரே. 1952-இல் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதியாகப் பொறுப்பேற்று, மறையும்வரை அப்பதவியில் இருந்தார்.

நெருக்கடி நிலையின்போது, 1976-இல், காவலில் உள்ளவர் நீதிமன்றத்தை அணுகவே முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது, நீதிபதி எச்.ஆர். கன்னா மட்டும் மறுத்தார். 1978 ஜனவரியில் மேனகா காந்தி வழக்கில் நீதிமன்றம் திசை திரும்பியது. நடைமுறை நேர்மையானதாகவும் நியாயமானதாகவும் இருந்தாக வேண்டும் என்று விளக்கம் தந்து, 1948-இல் சபை நிராகரித்த பொருளைப் பெரும்பாலும் மீட்டுத் தந்தது. 1976-ஆம் ஆண்டுத் தீர்ப்பு தவறென 2017-இல் அந்தரங்க உரிமை வழக்கில் வெளிப்படையாகவே தள்ளப்பட்டது. இத்தனைக்கும் 21-ஆவது பிரிவில் ஒரு சொல்கூடத் திருத்தப்படவில்லை. ராவ் திரும்பி வந்த பின் எழுதப்பட்ட வாசகமே இன்றும் அங்கு இருக்கிறது.

அவருடைய குறிப்புகளையும் கடிதங்களையும் தம்பி சிவ ராவ் தொகுத்து 1960-இல் நூலாக வெளியிட்டார். அமெரிக்கப் பயணம் பற்றிய அறிக்கையும் அதில் உள்ளது.